வசவு லேஸ்

ஆரம்பித்து வைத்தது நீதான். வேறு யாரையும் கை காட்டாதே. அன்றைக்குக் காலையில், பேருந்து நிலையத்துக்குப் போகும் வளைவில், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்காமல் ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுப் போனாயே, எறிந்தது எங்கே விழுந்தது என்று திரும்பியும் பார்க்காமல் போனாயே, நீதான். எச்சில் துப்புகிறவன்கூட ஓரம் பார்த்துத் துப்புகிறான். உனக்கு அந்த மரியாதையும் இல்லை. அந்த வார்த்தை என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொரு முழம் வளரும். வளர்ந்தவரைக்கும் போதும்.

விழுந்தது அவள் கழுத்தில். ஈரத்துணி மாதிரி சப்பென்று ஒட்டி, கொஞ்ச நேரம் பளபளத்து, காய்ந்து, காய்ந்த இடமெல்லாம் கண்கண்ணாகத் திறந்து, ஓரம் வளைந்து நெளிந்து, ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு லேஸாக அவள் காலரைச் சுற்றித் தானே தைத்துக்கொண்டது. ஊசியும் இல்லை, நூலும் இல்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த மரகதம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ அம்மிணி, கழுத்துல புதுசா ஒண்ணு வந்திருக்குது பாரு. நைஸாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பூவைத் தொடுத்தாள்.

அந்த ஊர் பட்ட ஆச்சரியம் மொத்தமே அவ்வளவுதான். விடிந்தால் துணி, அடைந்தால் துணி, தும்மினால் மூக்கிலிருந்து பஞ்சு வருகிற திருப்பூரில், ஒரு பெண்ணின் கழுத்தில் லேஸ் முளைத்தது என்பதை யாரும் நின்று பார்க்கவில்லை. முளைத்த லேஸ் காட்டனா ரேயானா என்றுதான் பார்த்தார்கள்.

அந்தப் பெண் இந்துஜா. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சாம்பிள் தைக்கிறவள். வெளிநாட்டிலிருந்து படம் வந்தால் அதைப் பார்த்து முதல் உருப்படியைத் தைத்துக் காட்டுவது அவள் வேலை. ஜப்பானில் சில பெண்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சீமைப் பொம்மை மாதிரி உடுத்திக்கொண்டு பட்டப்பகலில் கடைவீதியில் நடக்கிறார்கள் என்று ஒருநாள் கைபேசியில் பார்த்தாள். கறுப்புக் கவுன், இடுப்புக்குக் கீழே மணி மாதிரி விரிந்து நிற்கும் பாவாடை, அடுக்கடுக்காகச் சுருக்கு, நாடா கட்டிய தொப்பி, முழங்கால்வரைக்கும் சாக்ஸ், கையில் கறுப்புக் குடை. பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கழித்துப்போட்ட பாப்ளினையும் எவனோ வேண்டாமென்று தள்ளிய வலைத்துணியையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளாக உட்கார்ந்து தைத்தாள். போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள், அதோடுதான் அன்றைக்கு அந்த வளைவிலும் நின்றாள். ஏன் இப்படி என்று ஊரே கேட்டது.

"புடிச்சிருக்குது," என்றாள்.

அதற்குமேல் அவளிடம் காரணம் இல்லை. வேண்டியதும் இல்லை. வயிற்றுக்குமேல் பனியனைச் சுருட்டிவிட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கிறவனிடம் யாராவது காரணம் கேட்கிறார்களா?

அவளைப் பெற்றவள் துளசிமணி. செகண்ட்ஸ் வியாபாரி, அதாவது கப்பல் ஏறாமல் தங்கிப்போன உருப்படிகளை மூட்டையாக எடுத்துச் சில்லறையாக விற்கிறவள். கட்டிக்கொண்டவன் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் போன வருஷம் தெருவோரம் சாக்கை விரித்து உட்கார்ந்தவள். போலீஸ்காரன் சாக்கை உதறி எறிந்தபோது அதைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த தெருவில் விரித்தவள், அங்கே சாக்கடை பொங்கியபோது அதற்கடுத்த தெருவில் விரித்தவள், இப்படி விரித்து விரித்தே ஒரு நாள் ஷட்டர் போட்ட கடைக்குள் வந்து சேர்ந்தவள். பேரம் என்று அவள் எதிரே உட்கார்ந்தவனுக்கு நாக்கு வறண்டுவிடும். சரக்கு எவ்வளவு பிடித்தாலும் முகத்தில் காட்ட மாட்டாள். பிடிக்காததைச் சொல்லத்தான் வாய், பிடித்ததைச் சொன்னால் விலை ஏறிவிடும் என்று அடிபட்டுக் கற்றவள். மகள் அந்தக் கவுனோடு முதல் தடவை கடைக்குள் வந்து நின்றபோது துளசிமணி விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள், இடுப்புச் சுருக்கை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"பிரியாது," என்றாள்.

இந்துஜாவுக்கு அது போதுமானதாக இருந்தது. தாயின் அகராதியில் அதற்கு மேலான சொல் கிடையாதென்று அவளுக்குத் தெரியும்.

நீ ஆரம்பித்து வைத்தாய், ஊர் தொடர்ந்தது. கழுத்தில் முளைத்ததைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் வாய் ஊறிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் துணியில் பூக்கிறதென்றால் சொல்லிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? டீ மாஸ்டர், "யாரு வூட்டு எழவுக்குக் கண்ணு இத்தனை அலங்காரம்?" என்றான், அது பாவாடையில் சின்னச் சின்ன வளைவாகப் படர்ந்தது. கல்லூரிப் பையன்கள் ஊளையிட்டார்கள், அது முத்து முத்தாகக் கையோரத்தில் ஏறியது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அவளை நிறுத்திவைத்துப் பண்பாடு, கற்பு, தட்பவெப்பம் என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னார், அது கை அகலத்துக்கு, ஒரே டிசைனாக, திரும்பத் திரும்ப, இடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது. பஸ் கண்டக்டர் சொன்னது, மாவு மில் பெண்கள் சொன்னது, சொல்லாமல் சிரித்தவர்களின் சிரிப்பு, சிரிக்காமல் பார்த்த பார்வை, குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு கடந்துபோன தாய்மார்களின் முணுமுணுப்பு, எல்லாம் வந்து ஒட்டி எல்லாம் பூத்தன. கடைசியில் நைஸாக இருக்கிறதென்று சொன்ன அதே மரகதமும், கூட்டம் சிரிக்கிறதே என்று கூடச் சிரித்து, "கட்டடம் கட்டற எடத்துல திருஷ்டிக்குத் தொங்க வுடற பொம்மையாட்டவே இருக்கறா," என்றாள். அது அவள் தொடுக்கும் சரம் மாதிரியே நெருக்கமாக, அழகாக, தோளில் போய் விழுந்தது.

கவுன் வளர்ந்தது. இந்துஜா வந்தால் கதவின் இரண்டு பலகையையும் திறக்கவேண்டியிருந்தது. பஸ்ஸில் இரண்டு டிக்கெட் கேட்டார்கள். கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார முடியாமல் நின்றுகொண்டே தைத்தாள். ஊர் இதையெல்லாம் சுளுவாகப் பழகிக்கொண்டது. அவள் வரும் நேரத்துக்கு ஆட்டோக்காரர்கள் வண்டியைச் சற்று ஒதுக்கி நிறுத்தினார்கள், ஒதுக்கி நிறுத்திவிட்டு ஒரு வசவும் சொன்னார்கள், இரண்டையும் ஒரே கடமையாகச் செய்தார்கள்.

துளசிமணி தினமும் சாயந்திரம் கத்தரிக்கோலை எடுத்து அன்றைக்கு விளைந்ததை வெட்டி எடுப்பாள். வெட்டியதைப் பின்கட்டில் கொளுத்துவாள். எரிந்தால் பல் விளக்காத வாயின் நாற்றம் வந்தது. அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் நாச்சிமுத்து வந்தார். தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர், பெரிய கடைக்காரர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி வைத்திருப்பவர். எரியாமல் கிடந்த ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துளசி, இதைப் போயி கொளுத்தறயே, உனக்கு மூளை இருக்குதா? சூரத்து லேஸ்காரன் செத்தாலும் இந்த ஃபினிஷிங் வராது."

"தலைவரே, இது எம் புள்ளையத் திட்டின திட்டு."

"திட்டா இருந்தா என்ன, திருநீறா இருந்தா என்ன? சரக்கு சரக்குத்தான."

துளசிமணி கையிலிருந்ததை அவர் முகத்தில் விட்டெறிந்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்து, தட்டி, மடித்துக் கொண்டு போனார்.

அதன்பிறகு அவள் வெட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. இந்துஜா தெருவில் நடந்தால் பின்னாலேயே கத்தரியோடு ஆள் வந்தது. "அசையாத நில்லு கண்ணு, பாரம் கொறையும்," என்று உதவி செய்கிறவன் மாதிரி வெட்டிக்கொண்டு ஓடியது. வசவு லேஸ் என்று பெயர் வைத்துச் சுருளாகச் சுற்றி விற்றார்கள். ஈரோட்டிலிருந்து ஆள் வந்தது, வடக்கேயிருந்து வந்தது. கல்யாண ரவிக்கைக்கு வைத்தார்கள், குழந்தை கவுனுக்கு வைத்தார்கள், கோயில் குடைக்கு ஓரம் கட்டினார்கள். "சீமைச் சிறுக்கி" என்று அவளைத் திட்டிய பெண்களே அந்தச் சீமைச் சிறுக்கியைக் கைமுட்டிக்கு மேலே வைத்துத் தைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுக்கினார்கள். வரத்து குறைகிறதென்று தெரிந்தால் நாச்சிமுத்து டீக்கடையில் வந்து உட்கார்ந்து, "என்னப்பா, இன்னிக்கு யாரும் வாயத் தொறக்கலியா?" என்று விசாரித்தார். கோபம் இல்லாதவனும் திட்டினான், அவளை அறியாதவனும் திட்டினான், பல் வலியோடு மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தவனும் ஒரு நிமிஷம் நின்று ஊருக்கு நல்லது என்று திட்டிவிட்டுப் போனான்.

எல்லாவற்றையும் கத்தரி வெட்டியது. உன்னுடையதை மட்டும் வெட்டவில்லை.

கழுத்தில் கிடந்த அந்த ஒரு விரல் அகலம் கத்தரியின் வாயைத்தான் மழுங்க வைத்தது. பிளேடு போட்டார்கள், நெருப்பு வைத்துப் பார்த்தார்கள், அது சும்மா கிடந்தது. ஒவ்வொரு புது வசவு விழும்போதும் அது ஒரு நூல் இறுகியது. காலர் கழலாததால் கவுனும் கழலவில்லை. மேலே விளைவதை வெட்டலாம், உள்ளே இருக்கும் பெண்ணை வெளியே எடுக்க முடியாது. இந்துஜாவின் குரல் மெலிந்தது. முதலில் பாட்டு போயிற்று, பிறகு சிரிப்பு போயிற்று, பிறகு அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காமல் போயிற்று. கெட்டியாக எதுவும் இறங்கவில்லை. கம்மங்கூழைக் கரைத்து ஒவ்வொரு மடக்காக விழுங்கினாள். ஆனாலும் காலையில் எழுந்ததும் தொப்பியின் நாடாவை நீவிவிட்டு, சாக்ஸை இழுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"நீயும் சொல்லப்போறயாம்மா, இதையெல்லாம் போடாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு?" என்று ஒரு நாள் கேட்டாள், காற்று பேசுகிற மாதிரி.

"நா சொல்லல."

"நெனைக்கறயா?"

துளசிமணி கூழைக் கிண்டினாள். நினைத்தாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் பிறகு அவள் காலை வாரிவிட்டது.

வழியைக் காட்டினவள் மரகதம். ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள், கூடையைக் கீழே வைத்தாள், இந்துஜாவின் முகத்தையே பார்த்தாள். "அம்மிணி, உன்னத் திருஷ்டி பொம்மைன்னு சொன்னது நாந்தான். எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுது," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் தோளில் நெருக்கமாகத் தொடுத்துக் கிடந்த லேஸ், காய்ந்த பூச்சரம் மாதிரி உதிர்ந்து தரையில் விழுந்தது. அது மறுபடி முளைக்கவில்லை. காலர் ஒரு நூல் தளர்ந்தது. இந்துஜா எச்சில் விழுங்கினாள், விழுங்கியது காதில் கேட்டது.

துளசிமணி செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்துப்போன மூட்டையைப் பிரித்ததும் உள்ளே கறையும் கிழிசலுமாக இருந்தால், விற்றவன் "எங்கிட்டயிருந்து போகும்போது நல்லாத்தான் போச்சு" என்பான், வாங்கினவன் "வரும்போதே இப்புடித்தான்" என்பான். சத்தம் ஏறும், கூட்டம் கூடும். கடைசியில் யாராவது ஒருவர் இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து, "டேமேஜ் ஆளுக்குப் பாதி" என்பார். அதோடு தீர்ந்தது. கிழித்தது யார் என்று அதன்பிறகு கேட்கக் கூடாது. அப்படிப் பேசி முடித்ததை மாற்றினவனுக்கு அந்தத் தெருவில் மறுநாள் ஒரு கைக்குட்டைகூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கடை கடையாக ஏறினாள் துளசிமணி. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவளைப் பார்த்ததும் எல்லாருக்கும் வியாபாரப் புத்தி முழித்துக்கொண்டது.

"சொன்னது தப்புத்தானுங்க்கா, இல்லேங்கல," என்றான் டீ மாஸ்டர். "ஆனா புள்ளையும் அப்புடி வரலாமுங்களா? நம்ம ஊருக்கு அது ஒத்துவருமா? கால்வாசி நா எடுத்துக்கறேன்."

"கால்வாசியா? வாய் முழுசாத் தொறந்து சொன்னயே, அப்ப கால்வாசி வாயிலயா சொன்ன?"

"அப்ப நீங்க சொல்லுங்க."

"பாதி."

"சரிங்க்கா. உங்களுக்காக."

அப்படியே ஒவ்வொருவராக. வாத்தியார் தட்பவெப்பத்தை விட்டுக்கொடுத்தார், பண்பாட்டை விட மாட்டேன் என்றார். மாவு மில் பெண்கள் 'பேய்' என்றதைத் திரும்ப வாங்கினார்கள், 'வெக்கங்கெட்டது' என்றதை வைத்துக்கொண்டார்கள். நாச்சிமுத்துவோ, "வந்து நிக்கறா, நடமாடற எழவு," என்று தான் சொன்னதில் 'வந்து நிக்கறா'வை மட்டும் வாபஸ் வாங்கத் தயார் என்றார். துளசிமணி மல்லுக்கட்டினாள். கால்வாசியில் நின்றவனை அரைக்கு இழுத்தாள், அரையில் நின்றவனை அரைக்கு மேலே ஒரு பிடி ஏற்றினாள். இருட்டுவதற்குள் தெரு முழுவதையும் பேசி முடித்துவிட்டாள். ஆயுசில் இவ்வளவு பெரிய பேரத்தை அவள் முடித்ததில்லை. கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஜெயித்த நடை நடந்து வீட்டுக்கு வந்தாள்.

லேஸ் பாதி உதிர்ந்துதான் கிடந்தது. மிச்சப் பாதி உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வெளியே பூத்துக்கொண்டிருந்தது இப்போது தோலைப் பார்த்துப் பூத்தது, முள்முள்ளாக, விலாவிலும் முதுகிலும், கத்தரி நுழையாத இடத்தில். காலர் கழுத்துச் சதையில் பதிந்துவிட்டது. இந்துஜா தரையில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னன்னு பேசி முடிச்சயம்மா?"

"ஆளுக்குப் பாதி."

அவளுக்குப் பேசக் காற்று சேரவேண்டியிருந்தது.

"என்னோட பாதி எதும்மா?"

துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி குற்றம் அவர்களுடையது என்று எழுபது வாயில் வாங்கி வந்தவள், மீதிப் பாதியைத் தானே சுமந்துவந்து மகளின் தலையில் இறக்கியிருக்கிறாள். புள்ளையும் அப்படி வரலாமா என்று டீ மாஸ்டர் கேட்டபோது அவள் அதை மறுக்கவில்லை, விலையைத்தான் மறுத்தாள். ஒரு பெண் தனக்குப் பிடித்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். இதில் கறை எங்கே, கிழிசல் எங்கே, எதில் பாதி? சாக்கை உதறி எறிந்த போலீஸ்காரனிடம்கூட அவள் பாதித் தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. தனக்குக் கொடுத்துக்கொண்ட நியாயத்தை மகளுக்குக் கொடுக்க மறந்துபோனாள். சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். பிறகு நிறுத்தினாள். முட்டிக்கொள்வதும் ஒரு பேரம்தான் என்று தோன்றியது.

மறுநாள் சந்தை கூடும் நாள். தெரு நிறைந்த நேரத்தில் துளசிமணி கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். நடுத்தெருவில் ஸ்டூலைப் போட்டாள். இந்துஜாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அவள் உட்கார்ந்து, பாவாடையின் சுருக்கைச் சரி செய்துகொண்டு, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துப் பேசினது செல்லாது!" என்று கத்தினாள் துளசிமணி.

தெரு நின்றுவிட்டது. லேஸ் முளைத்தபோது நிற்காத தெரு.

"என்ன சொல்றே துளசி?" என்றார் நாச்சிமுத்து. "பேசி முடிச்சத மாத்தறதா? இந்தத் தெருவுல எவனும் செஞ்சதில்ல. நாளைக்கு உனக்கு எவன் மூட்டை தருவான்?"

"தர வேண்டாம். மறுக்கா சாக்க விரிச்சுக்கறேன், எனக்கு அது தெரியும். ஆனா எம் புள்ள மேல பாதி இல்ல, கால் இல்ல, ஒரு நூல் இல்ல. அவ என்ன பண்ணினா? சொல்லுங்க. உங்க வூட்டுக் கூரையப் பிரிச்சாளா? உங்க சோத்துல மண்ணப் போட்டாளா? துணி போட்டா! துணி வித்துத் திங்கற ஊருல ஒரு புள்ள துணி போட்டா, அதுக்கு இந்தக் கூத்தா? முழுசாச் சொன்னீங்கல்ல? முழுசா எடுங்க."

இந்துஜா குடையைச் சற்றுச் சாய்த்தாள். உதடு அசைந்தது. முன்வரிசைக்குத்தான் கேட்டது, அவர்கள் பின்வரிசைக்குச் சொன்னார்கள், அப்படியே தெருக்கோடிவரைக்கும் போயிற்று: "எனக்குப் புடிச்சிருக்குது. இப்பவும் புடிச்சிருக்குது."

என்னவோ அந்த 'இப்பவும்' டீ மாஸ்டரை வந்து குத்தியது. பாய்லரை அணைத்துவிட்டு வந்தான். "தப்புங்க. முழுசாத் தப்பு," என்றான், தலையைத் தொங்கப்போடாமல், அவளைப் பார்த்து. அவனுடைய வளைவுகள் உள்ளேயிருந்து வழிந்து ஸ்டூலின் கீழே விழுந்தன. மாவு மில் பெண்கள் வந்தார்கள். பையன்கள் வந்தார்கள், ஊளைக்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு கேட்டார்கள். வாத்தியார் மறுபடியும் நீளமாக ஆரம்பித்தார். "அய்யா, சுருக்கா," என்றாள் மரகதம். சுருக்கமாகச் சொன்னார். இடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது அறுந்து விழுந்தது.

இங்கே விழ விழ, வெளியூருக்குப் போனதும் விழ ஆரம்பித்தது. நாச்சிமுத்துவின் கைபேசி கதறியது. ஈரோட்டுச் சுருள்கள் வெறும் அட்டையாக நிற்கின்றனவாம். கோவையில் மணப்பெண்ணின் ரவிக்கை ஓரம் மேடையிலேயே உதிர்ந்துவிட்டதாம். "நிறுத்தச் சொல்லு துளசி, நா தெருவுக்கு வந்துருவேன்!"

"வாங்க. நாங்க இருக்கறது தெருவுலதான். உங்களுது ஒண்ணு பாக்கி."

"சரி, ஏதோ சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத."

லேஸ் அசையவில்லை.

"யாரு மனசாவது புண்பட்டிருந்தா, வருத்தம்."

அசையவில்லை. கூட்டத்தில் யாரோ, "இது பெரிய கம்பெனிக்காரன் சொல்ற வருத்தமுங்க, இதுக்கெல்லாம் நூல் பிரியாது," என்றான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எதிலும் போய் ஒட்டவில்லை. நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்த கத்தரியை எடுத்துப் பார்த்தார், உள்ளே போட்டார், கைபேசியை அணைத்தார். பிறகு ஸ்டூலின் பக்கம் குனிந்து, தன் மகளிடம்கூட இதுவரை பேசியிராத குரலில் என்னவோ சொன்னார். அவருடையது, எல்லாவற்றிலும் அகலமானது, சாயம் போன கந்தல் மாதிரி கீழே விழுந்தது.

எல்லாம் போன பிறகு பார்த்தால், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது ஒரு சின்னப் பெண். அவள் தைத்த கவுன், அவள் தைத்த சுருக்கு. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

"அழகாயிருக்குது கண்ணு," என்றாள் துளசிமணி, நடுத்தெருவில், எல்லாருக்கும் கேட்க. விலை ஏறினால் ஏறட்டும்.

ஆனால் கழுத்தில் அந்த ஒரு விரல் அகலம் அப்படியே இருக்கிறது. பாதிப் பேரத்தில் சதைக்குள் பதிந்தது, தெரு முழுக்க எடுத்த பிறகும் தளரவில்லை. அது அவர்களுடையது இல்லை, உன்னுடையது. அந்த வளைவில் தினமும் காலையில் துளசிமணி நிற்கிறாள். போகிற ஒவ்வொரு வண்டியையும் கைகாட்டி நிறுத்திக் கேட்கிறாள். நான் இல்லை என்கிறார்கள். ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். நீ அதைக் கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு, ஒரு வார்த்தைதானே, அன்றைக்கு எத்தனையோ பேரை எத்தனையோ சொன்னேன், எது யாருக்கு என்று யாருக்கு ஞாபகம் என்று போயிருப்பாய். இந்துஜாவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும் ஞாபகம் வருகிறது. நேற்றிலிருந்து தண்ணீரும் வாயோரமாக வழிந்துவிடுகிறது.

உன் பெயரை யாரும் கேட்கவில்லை. உன்னை அடிக்க ஆள் வைத்திருக்கவில்லை. வீட்டில் பெண்ணிருக்கிறாள், அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்கிற கதையெல்லாம் வேண்டாம். அவசரத்தில் சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன், அவளும் அப்படி நிற்காமல் இருந்திருக்கலாம் என்று வாயைத் திறந்தால் வந்த வழியே போய்விடு. அந்தப் பேச்சுக்கு இங்கே ஏற்கெனவே ஒரு உயிர் பாதி போயிருக்கிறது. இது ஒரே விலை. துளசிமணி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிற ஒரே விலை.

வா. இந்துஜாவின் கண்ணைப் பார். நீ சொன்னதை முழுசாகத் திரும்ப எடு. அவள் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் எடு.